வேட்டைப் பருவத்தில் கட்டுக்கடங்காமல் துள்ளும் குதிரையை வழிக்குக் கொண்டுவருதல்

அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை நீளும், நாய்க்கூட்டத்தின் பின்னால் குதிரைகளில் செல்லும் வேட்டைப் பருவத்தில், குதிரை வளர்ப்பவர்கள் பலரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே சிக்கலைச் சந்திக்கிறார்கள். ஆகஸ்டில் மேய்ச்சலிலிருந்து கொண்டுவந்தபோது வயிறு சரிந்து, ஒரு சிறிய மேட்டில் ஏறுவதற்குள் மூச்சிரைத்த குதிரை, டிசம்பர் நடுவில் வயிறு ஒட்டி, தொடைத் தசை இறுகி, நாள் முழுவதும் ஓடிய பிறகும் இன்னும் ஓடக் கேட்கிறது. அதுவரை மகிழ்ச்சிதான். ஆனால் வேட்டை நாய்களின் குரல் காதில் விழுந்ததும் அதே குதிரை நின்ற இடத்தில் நிற்க மறுக்கிறது, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்கிறது, கடிவாள இரும்பை மென்று நுரை தள்ளுகிறது, கூட்டம் கிளம்பிய மறுகணம் சவாரி செய்பவரின் தோள்மூட்டு கழன்றுவிடும்போல இழுக்கிறது.

இதற்குப் பெரும்பாலானோர் இரண்டு வைத்தியங்களைச் செய்கிறார்கள். வாரநாட்களில் இன்னும் நன்றாக ஓடவிட்டுக் களைப்பாக்கப் பார்க்கிறார்கள். அதிலும் அடங்காவிட்டால் இன்னும் கடுமையான கடிவாளத்தை வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டும் நிலைமையை மோசமாக்கும் என்பதே பல பருவங்கள் லாயத்தில் வேலை செய்து நான் கற்றுக்கொண்டது. ஓடவிட்டுக் களைப்பாக்கப்படும் குதிரை அடுத்த வாரம் இன்னும் கூடுதலாக ஓடும் வலிமையைப் பெறுகிறது. வாய் வலிக்கும் குதிரையோ வலியிலிருந்து தப்பிக்கவே வேகமாக ஓடுகிறது. சனிக்கிழமை வயல்வெளியில் நாம் பார்க்கும் ஆட்டத்தின் பெரும்பகுதி, அதற்கு முந்தைய ஆறு நாட்களில் லாயத்தில் நாமே உருவாக்கியது.

இன்றைய வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, நாய்களைக் கொண்டு செந்நரியைத் துரத்திக் கொல்வது குற்றம்; மோப்பம் ஏற்றிய துணியை இழுத்து முன்கூட்டியே வகுத்த தடத்தை நாய்கள் பின்தொடர, அவற்றின் பின்னால் குதிரைகள் செல்லும் வழக்கம் அதன் இடத்தைப் பிடித்தது. அயர்லாந்துக் குடியரசில் அத்தகைய தடை வரவில்லை. நம் நீலகிரியிலும், வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில், ஆங்கிலேயர் இதே வேட்டையை நம் ஊர் நரியை வைத்து நடத்தினார்கள். குதிரையைப் பொறுத்தவரை இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. நாற்பது ஐம்பது குதிரைகளின் கூட்டம், நாய்களின் ஓலம், ஊதுகொம்பின் ஒலி, திடீர்ப் பாய்ச்சல், அதன் பிறகு காரணம் புரியாத நீண்ட காத்திருப்பு. மந்தையாக ஓடித் தப்பிப் பிழைத்த ஒரு விலங்கின் இரத்தத்தைச் சூடேற்ற இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் வலியை விலக்குங்கள்

பழக்கத்தைத் திருத்தத் தொடங்குவதற்கு முன், துள்ளலுக்கு வலி காரணமில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கோடையில் பொருத்தமாக இருந்த சேணம், குதிரை மெலிந்து முதுகின் வடிவம் மாறிய டிசம்பரில் முன்பக்கம் தாழ்ந்து பிடரியின் அடியை அழுத்தக்கூடும். வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வருகிற குதிரைக்கு இரைப்பைப் புண் இருக்க வாய்ப்புண்டு. தானியம் மிகுந்து புல் குறைந்த, கடும் உழைப்பில் இருக்கும் குதிரைகளில் அது மிகச் சாதாரணமாகக் காணப்படும் நோய். கடைவாய்ப் பற்களின் கூரான விளிம்பு கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தால் எந்தக் கடிவாளமும் அதற்குச் சித்திரவதைதான். கால்நடை மருத்துவரையும், பல் பார்ப்பவரையும், சேணம் பொருத்துபவரையும் பருவத்தின் நடுவில் ஒருமுறை அழைத்துக் காட்டுவது, புதிய கடிவாளம் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

உழைப்பின் அளவு

வாரம் ஒருநாள் முழு வேட்டைக்குச் செல்லும் குதிரையின் உடற்திறனைக் காப்பாற்ற அந்த வேட்டையே போதும். பருவம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் சாலை நடை, பின்பு டிராட் என்னும் துள்ளுநடை, பின்பு கேன்டர் என்னும் நிதானமான பாய்ச்சல் என்று படிப்படியாக ஏற்றிய வேலையை, டிசம்பரிலும் அதே கடுமையில் தொடர வேண்டிய தேவை இல்லை. தேவையில்லாமல் தொடர்வதுதான் பெரும்பாலான லாயங்களில் நடக்கும் தவறு. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மேட்டில் ஏறிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் அது 60ஐ ஒட்டி இறங்கிவிட்டால் உங்கள் குதிரைக்கு வேண்டிய திறன் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேகப் பயிற்சி கொடுப்பது, நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

வேகத்தைக் குறைக்கச் சொல்வதால் வேலையைக் குறைக்க வேண்டும் என்று பொருளல்ல. நேரத்தைக் கூட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே இதன் சாரம். சனிக்கிழமை வேட்டை என்றால், ஞாயிறன்று கையில் பிடித்துக் கால் மணி நேரம் நடத்திவிட்டு மேய்ச்சல் நிலத்தில் விடலாம். திங்களும் மேய்ச்சலிலேயே கழியட்டும். செவ்வாயும் வியாழனும் ஒன்றரை மணி நேரமாவது மேடு பள்ளமான பாதையில், நீண்டு தளர்ந்த கடிவாள வாரில், நடையும் இடையிடையே நிதானமான டிராட்டும் கொடுங்கள். நடுவில் புதன்கிழமை முக்கால் மணி நேரம் பயிற்சித் திடலில் செலவிடுவது நல்லது: நடையிலிருந்து நிற்றல், நின்ற இடத்தில் பத்து எண்ணும்வரை அசையாதிருத்தல், டிராட்டிலிருந்து நடைக்கு இறங்குதல், காலின் அழுத்தத்துக்குப் பக்கவாட்டில் விலகுதல். வேட்டைக்கு முதல்நாளோ அதற்கு முந்தைய நாளோ நுரையீரலைத் திறப்பதற்கென்று ஒரு குறுகிய பாய்ச்சல் கொடுப்பது பழைய வழக்கம். மந்தமான குதிரைக்கு அது சரி. ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கும் குதிரைக்கு அதைக் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்.

தீவனம்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம் ஊரில் குதிரையைப் பற்றிச் சொல்வார்கள். கொள்ளின் இடத்தில் அங்கே ஓட்ஸ். ஓட்ஸின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் மாவுச்சத்து. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல் மாவுச்சத்து போகாமலிருப்பது நல்லது என்று இன்று அறிவுறுத்துகிறார்கள். ஆகவே 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளைக்கு 500 கிராம் மாவுச்சத்து, அதாவது சுமார் 1.2 கிலோ ஓட்ஸ் உச்சவரம்பு. இரண்டு வேளையாகப் பெரிய வாளியில் கொட்டிக் கொடுக்கும் வழக்கமுள்ள லாயங்களில் இந்த வரம்பு எளிதில் மீறப்படுகிறது.

புல்லைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். உடல் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீதம், முடிந்தால் 2 சதவீதம் உலர்ந்த எடையில் நார்த்தீவனம் தேவை. 500 கிலோ குதிரைக்கு அது நாளொன்றுக்கு 10 கிலோ. ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்குச் சுமார் 40 நிமிடம் பிடிக்கும். ஒரு கிலோ ஓட்ஸுக்குப் பத்து நிமிடம் போதும். மெல்லும்போது மட்டுமே அதற்கு எச்சில் சுரக்கும், ஆனால் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் அமிலத்தோடு நிற்கும் குதிரையிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமல்ல. உழைப்புக்குத் தேவையான கூடுதல் ஆற்றலை ஓட்ஸிலிருந்து எடுக்காமல், சர்க்கரை பீட் கிழங்கின் சக்கை, ஆளிவிதை, தாவர எண்ணெய் ஆகியவற்றிலிருந்து கொடுத்தால் அது உடலுக்குப் போய்ச்சேரும், தலைக்கேறாது. இந்த மாற்றங்கள் எதுவானாலும் பத்துப் பதினான்கு நாட்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும். அமைதிப்படுத்தும் என்று சொல்லி விற்கப்படும் மெக்னீசியத் தூள்களை ஒரு பருவம் முழுவதும் கொடுத்தும் என் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரிந்ததில்லை.

உறைபனி நாட்கள்

ஒரு டிசம்பரில், அயர்லாந்தில் நான் வேலை செய்த லாயத்தில் ஐந்து நாட்கள் தொடர்ந்து நிலம் உறைந்து கிடந்தது. சாலையில் குதிரை வழுக்கும், வயல் கல்லாக இறுகியிருக்கும் என்பதால் எல்லாக் குதிரைகளும் கொட்டடிக்குள்ளேயே நின்றன. செந்நிறமும் கறுத்த பிடரிமயிரும் கொண்ட உயரமான ஒரு குதிரை என் பொறுப்பில் இருந்தது. நாளைக்கே பனி உருகிவிடும், வேட்டை நடந்தால் வலிமை குறைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் எண்ணி, அதன் ஓட்ஸை நான் குறைக்கவே இல்லை. ஆறாம் நாள் பனி உருகியது. முதல் வாயிற்கதவின் முன் குதிரைகள் ஒவ்வொன்றாகக் கடக்கக் காத்திருந்தபோது, அதன் காதின் அடியில் வியர்வை கறுப்பாகத் திரண்டதையும், கழுத்து நரம்பு விரல் தடிமனில் புடைத்ததையும், முன்னங்கால்கள் சுடுமணலில் நிற்பதுபோல மாறி மாறி எழுந்ததையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த கணம் அது பின்னங்காலில் எழுந்து, இறங்கிய வேகத்தில் பின்னாலிருந்த குதிரையை உதைத்தது. உதைபட்ட குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் காயம். அந்தப் பருவம் அதற்கு அத்தோடு முடிந்தது. அந்தக் குதிரை மீது தவறில்லை. உறைந்த நாளின் இரவிலேயே ஓட்ஸைப் பாதிக்கும் கீழே குறைத்து, புல்லைக் கூட்டியிருக்க வேண்டியது என் கடமை.

வேலை நின்ற நாளன்று தானியத்தைக் குறைப்பது துள்ளலைத் தடுக்க மட்டுமல்ல. முழுத் தீவனத்தோடு ஓய்வில் நின்று மறுநாள் உழைக்கும் குதிரைக்குத் தசைகள் இறுகிச் சிதையும் நோய் வரலாம். வண்டிக்குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு வந்ததால் அதைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தார்கள். அடி குறுகி விறைத்து நடப்பது, வியர்த்துக் கொட்டுவது, புட்டத் தசை கட்டைபோல இறுகுவது, சிறுநீர் காபி நிறத்தில் வருவது ஆகியவை அறிகுறிகள். அப்போது ஓரடிகூட நடத்தாமல் அங்கேயே நிறுத்தி, போர்வை போட்டு, மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

உறைபனியில் பழைய லாயக்காரர்கள் செய்த ஏற்பாடு இன்றும் பயன்படுகிறது. கொட்டடியிலிருந்து அள்ளிய சாணமும் வைக்கோலும் கலந்த படுக்கைக் கழிவை முற்றத்தில் அகலமான வட்டமாகக் கனமாகப் பரப்பினால், வழுக்காத பாதை ஒன்று கிடைக்கும். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி அதில் கையில் பிடித்து நடத்தலாம். உறையாத நாட்களில், எத்தனை சேறாக இருந்தாலும், நாளுக்குச் சில மணி நேரமாவது பழகிய துணைக் குதிரையோடு வெளியே விடுங்கள். ரோமம் வெட்டிய குதிரை அழுக்காகும், லாடம் கழன்றுவிடும் என்று அஞ்சி 23 மணி நேரம் அடைத்து வைப்பவர்கள் பலர். போர்வை போட்டு விட்டால் போதும், சேற்றைக் கழுவிவிடலாம்.

கடிவாளம்

ஸ்னாஃபிள் என்னும், சங்கிலியில்லாத சாதாரண கடிவாளத்தில் திடலில் நிற்கத் தெரியாத குதிரை, வயல்வெளியில் எதிலும் நிற்காது. திடலில் ஒழுங்காக நிற்கும் குதிரைக்கு வேட்டையன்று மட்டும் சற்றுக் கூடுதல் பிடிமானம் தேவைப்பட்டால், தாடைச் சங்கிலியுள்ள பெல்ஹாம் கடிவாளத்தை இரண்டு வார்களோடு பயன்படுத்தலாம்; மேல்வாரில் சவாரி செய்துகொண்டு, தேவைப்படும் கணத்தில் மட்டும் கீழ்வாரைத் தொட்டு உடனே விட்டுவிட வேண்டும். அதை வேட்டையன்று காலையில் முதன்முறையாக மாட்டாமல், இரண்டு மூன்று வாரம் முன்பே வெளிச்சவாரியில் பழக்குங்கள். சில குதிரைகள் கனமான இரும்பை எதிர்த்து இழுத்து, ரப்பர் பூசிய மென்மையான கடிவாளத்தில் வியக்கத்தக்க வகையில் அடங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். கழுத்தைச் சுற்றி ஒரு தோல்வார் கட்டிவைப்பது எந்தக் குதிரைக்கும் நல்லது. நிலைதடுமாறும்போது வாயைப் பிடித்துத் தொங்காமல் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அசெப்ரோமசின் போன்ற மயக்க மருந்தைக் கொடுத்துவிட்டு ஏறுபவர்களும் இருக்கிறார்கள். மயங்கிய காலோடு வேலி தாண்டும் குதிரை உங்கள் மேலேயே விழும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

வேட்டைநாள் காலை

பெரும்பாலும் 11 மணியளவில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள். காலைத் தானியத்தைச் சேணமிடுவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். புல்லை மட்டும் நிறுத்தாதீர்கள், லாரியிலும் வலையில் கட்டிவையுங்கள். கிளம்பும் முன் நறுக்கிய குதிரைமசாலோ உலர்புல்லோ இரண்டு கைப்பிடி கொடுத்தால், ஓடும்போது இரைப்பை அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்காது. கூடும் இடத்துக்கு அரை மைல் முன்பே லாரியை நிறுத்தி, அங்கிருந்து நிதானமாக டிராட்டில் போவது மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். மேலே ஏறியதும் கூட்டத்தின் நடுவில் நிற்க நேர்ந்தால் குதிரையின் முதல் பத்து நிமிடங்களே கெட்டுப்போகும். உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடாவும், இளங்குதிரையின் வாலில் பச்சை நாடாவும் கட்டுவது வழக்கம். சிவப்பு நாடா மற்றவர்களுக்கு எச்சரிக்கை மட்டுமே. பின்பக்கத்தை யாருக்கும் காட்டாமல் நிற்கும் பொறுப்பு இன்னும் உங்களுடையதுதான். நாய்கள் கடக்கும்போது எப்போதும் குதிரையின் தலையை அவற்றின் பக்கம் திருப்புங்கள். நாயை உதைத்த குதிரையை அங்கே எளிதில் மன்னிக்க மாட்டார்கள்.

வயல்வெளியில்

துள்ளும் குதிரையைக் கூட்டத்தின் கடைசியில் நிறுத்துங்கள் என்பது பொதுவான அறிவுரை. எல்லாக் குதிரைகளுக்கும் அது பொருந்தாது. முன்னால் போகும் மந்தையைத் தான் இழந்துவிடுவோமோ என்ற பதற்றத்தில் துள்ளும் குதிரை கடைசியில் நின்றால் பைத்தியமாகிவிடும். அதை, சவாரிக் கூட்டத்தை வழிநடத்தும் ஃபீல்டு மாஸ்டரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று அவருக்குச் சற்றுப் பின்னால், அவரை முந்தாமல் கொண்டுபோகலாம். பக்கத்தில் பிற குதிரைகள் நெருக்குவதால் துள்ளும் குதிரைக்கு விளிம்பில், திறந்த வெளியின் பக்கம் இடம் வேண்டும். உங்கள் குதிரை எந்த வகை என்பதைப் பருவத் தொடக்கத்தின் அமைதியான நாட்களிலேயே கண்டுகொள்ளுங்கள். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரின் அகன்ற புல்வெளியில் எந்தக் குதிரைக்கும் நாலுகால் பாய்ச்சல் எடுக்கத் தோன்றும். அயர்லாந்தில் கால்வே பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கற்சுவர்களே குதிரையை நிதானிக்க வைக்கும். வாய்ப்பு இருந்தால் துடிக்கும் குதிரையைப் பின்னதைப் போன்ற நிலப்பகுதியில் பழக்குவது எளிது.

பாயும்போது இரண்டு கையாலும் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டே இருந்தால், குதிரை உங்கள் கையையே ஊன்றுகோலாக்கிக்கொண்டு இன்னும் சாயும். வார்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பாலம்போல் பிடித்து, கழுத்தின் மேல் ஊன்றிவிடுங்கள். அப்போது குதிரை தன் கழுத்தையே எதிர்த்து இழுக்கும். பிடித்து விடுதல், பிடித்து விடுதல் என்று தாளத்தோடு கேளுங்கள். நீளமாக மூச்சை வெளிவிட்டு, தோளை நிமிர்த்தி, எடையை அங்கவடியில் குதிகால்வரை இறக்குங்கள். எதற்கும் கேட்காத நிலை வந்தால், ஒரு கையின் முட்டியைக் கழுத்தில் அழுத்தி ஊன்றிக்கொண்டு மறு கையால் மேலும் பின்னுமாக இழுத்து உடனே விட வேண்டும். இரண்டு மூன்று முறையில் வேகம் உடையும். திறந்த வெளி என்றால் பெரிய வட்டமாகத் திருப்பலாம். ஈரப்புல்லில் திடீரென்று வளைத்தால் குதிரை கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழும் என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது காத்திருப்பு. நாய்கள் மோப்பத்தை இழந்து தேடும்போது குதிரைகள் இருபது நிமிடம்கூட நிற்க நேரும். அசையாமல் நில் என்று அப்போது போராடாதீர்கள். கூட்டத்தை விட்டுச் சற்று விலகி, எட்டு வடிவில் சிறிய வட்டங்களாக நடத்துங்கள். காலால் விலகச் சொல்லுங்கள், நின்ற கணத்தில் வாரைத் தளர்த்துங்கள். பிடரி முடியும் இடத்தில் விரல் முட்டியால் ஆழமாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் நாடித்துடிப்பு இறங்குகிறது. அந்தச் செந்நிறக் குதிரையை அடுத்த பருவத்தில் வாயிற்கதவுகளில் நிற்கவைத்தது வேறெதுவுமல்ல, இந்தச் சொறிதலும் குறைந்த ஓட்ஸும்தான். முதல் சில வாரங்களில் ஒன்றரை மணி நேரம் மட்டும் வேட்டையில் இருந்துவிட்டு, குதிரை இன்னும் நிதானமாக இருக்கும்போதே வீடு திரும்புங்கள். அடங்காமல் ஆடும் கணத்தில் திரும்பினால் ஆடினால் வீட்டுக்குப் போகலாம் என்று கற்றுக்கொள்ளும்; முற்றிலும் களைக்கும்வரை வைத்திருந்தாலோ காலும் தசைநாணும்தான் பாதிக்கப்படும்.

திரும்பிய பிறகு

கடைசிக் கால் மணி நேரத்தை நடையிலேயே கழித்து, மூச்சும் வியர்வையும் அடங்கிய நிலையில் லாயத்துக்குள் கொண்டுவாருங்கள். முதலில் தண்ணீர், பின்பு உலர்புல், ஒரு மணி நேரம் கழித்தே சிறிய அளவில் தானியம். மிகுதியாக வியர்த்திருந்தால் தீவனத்தில் உப்புக் கலந்து கொடுங்கள், பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். நான்கு கால்களையும் உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். அந்த நாட்டு வேலிகளில் நிறைந்திருக்கும் கறுப்புமுள் மூட்டுக்கருகே ஒடிந்து நின்றால், மறுநாள் காலையில் கால் வீங்கிக் குதிரை ஊன்ற முடியாமல் நிற்கும். இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய், காதின் அடியைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் அது ஆறிவிட்டது. மீண்டும் ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தால் குதிரை இன்னும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது போர்வையை மாற்றி, இன்னொரு வலைப் புல்லைக் கட்டிவைத்து, அடுத்த வேட்டையை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.